திருப்பிச் சொன்னதில் விடுபட்டது

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாக வந்தது. கேட்டவள் யாரென்று எனக்குத் தெரியாது.

என் தோழி சுமதி நாமக்கல்லில் கவுன்சிலிங் படிப்புக்கு வகுப்பு எடுக்கிறாள். தபால்வழிப் படிப்பு. வாரமெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருவார்கள். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் ஒரு மாணவி மட்டும் கதவோரம் நின்றாளாம். கொல்லிமலையிலிருந்து வருகிறவள்.

"மேடம், திருப்பிச் சொன்னத மறுபடி வாங்கிக்க வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அடுத்த வாரம் பேசலாம் என்று சுமதி சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"போன் பண்ணிப் பாத்தேன். அடிச்சுக்கிட்டே இருந்துது, எடுக்கல. இதுக்கு மேல கேக்காத. பேரும் சொல்லமாட்டேன்."

ஆகவே இனி வருகிற பெயர்கள், ஊர், ஏணி, பலா மரம், சாவு எல்லாம் என் கற்பனை. நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வியும் எடுக்கப்படாத ஒரு போனும்.

[திருப்பிச் சொல்லுதல்: இந்தப் படிப்பில் முதலில் கற்றுத்தருகிற பழக்கம் இது. வந்திருப்பவர் "இந்த வீட்டில் எனக்கு யாருமில்லை" என்கிறார். நீங்கள் ஆறுதல் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. "இந்த வீட்டில் யாருமில்லை என்று இருக்கிறது உங்களுக்கு" என்று அவர் சொன்னதை அவரிடமே கொடுக்க வேண்டும். கிளிப்பிள்ளை வேலை போலத் தெரியும். உண்மையில் தன் சொல்லை இன்னொருவர் வாயில் கேட்கும்போதுதான் பலருக்கு அழுகையே வருகிறது என்கிறாள் சுமதி.]

2

முதல் தொடக்கம்: கொல்லிமலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த

அடித்துவிட்டேன். படகுத்துறைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எடுத்துப்போகிற படம் அது.

இரண்டாம் தொடக்கம்: மேகலா மனித மனத்தைப் புரிந்துகொள்ள விரும்பினாள்.

யார்தான் விரும்பவில்லை? இதையும் விட்டேன்.

மூன்றாவது இது: மேகலா கோட்பாடுகளைப் பேருந்தில் படித்தாள், வளைவுக்கு ஒன்றாக.

இது நிற்கும் போலிருக்கிறது. மேகலா வாசலூர்பட்டியில் ஒரு மாணவியர் விடுதியின் வார்டன். முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போகிறவள். விடுதிப் பெண்கள் அவளிடம் வந்து அழுதார்கள். அழுகிறவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாததால் படிக்கச் சேர்ந்தாள். ஞாயிறு விடியற்காலைப் பேருந்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி முடிப்பதற்குள் ஒரு பாடம். ஒரு வளைவில் உளப்பகுப்பாய்வு: எல்லாம் சிறுவயதில் புதைந்திருக்கிறது. அடுத்ததில் நடத்தைக் கோட்பாடு: புதைந்ததைத் தோண்டவேண்டாம், பழகியதை வேறாகப் பழக்கு. அதற்கடுத்து நபரை மையமாக வைப்பது, எண்ணங்களைச் சோதிப்பது, காலி நாற்காலியில் இல்லாதவரை உட்காரவைத்துப் பேசுவது.

"ஏனுங் டீச்சர், வளைவுல படிச்சா வாந்தி வருமுங்க" என்பான் கண்டக்டர் பிரேம்.

"எனக்கு வாரதில்லைங்க."

"உங்களுக்கு வராதுங்க. பக்கத்துல இருந்து பாக்கறவங்களுக்குத்தான் வருது."

பேருந்து சிரிக்கும். மேகலாவும் சிரிப்பாள். அவள் சிரிக்கக்கூடியவள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் இடமிருக்காது.

3

அவளுடைய அண்ணன் காளியண்ணன் முந்தின ஆண்டு மாசியில் மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இறந்தான்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; ஆலத்தூர் நாட்டில் அவர்கள் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கில்தான் ஏணி; அதை மரத்தில் சாய்த்து, கணுக்களில் கால்வைத்து ஏறுவார்கள். மூங்கில் உருளாமல் இருக்க அடியில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி ருக்குமணி.

"காலு வழுக்கிருச்சு" என்றது ஊர். அவ்வளவுதான். ருக்குமணியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

[ருக்குமணியை முதலில் ஊமை போல எழுதினேன். துக்கத்தில் இருக்கிற பெண்ணைப் பேசாமல் வைத்துவிடுவது எழுதுகிறவருக்கு வசதி. பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். ருக்குமணி வாயாடி. மரவள்ளிக்கிழங்கு எடை போட வருகிற வியாபாரி அவளைக் கண்டால் தராசைத் துடைத்து வைப்பான். நாத்தனார் மேகலாவை "எங்கூட்டுக் கலெக்டர்" என்று கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் அந்த மாசிக்குப் பிறகு கோழிகளிடம் மட்டும் சத்தமாகப் பேசினாள்.]

அடுத்த பறிப்பு நெருங்கும்போது வகுப்பில் பயிற்சி கொடுத்தார்கள்: தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, திருப்பிச் சொல்லுதலை மட்டும் பழகிப் பாருங்கள். சொந்தக்காரர் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். மேகலா யோசித்தாள். மலையில் சொந்தக்காரர் அல்லாதவரை எங்கே போய்த் தேடுவது? அதோடு, அண்ணியிடம் பேச வேண்டியதும் இருந்தது. இரண்டும் ஒன்றாக நடந்துவிட்டால் நல்லதுதானே என்று பட்டது.

சனிக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். உள்ளேயிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் எதிரெதிராகப் போட்டாள். மிக நெருக்கமாக வேண்டாம், மிகத் தள்ளியும் வேண்டாம் என்று பாடத்தில் இருந்தது. தூரத்தைக் கையால் அளந்து சரிசெய்தாள்.

"அண்ணி, கொஞ்ச நேரம் உக்காந்து பேசலாமுங்களா? சும்மாதான். நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கறேன்."

ருக்குமணி நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு மேகலாவைப் பார்த்தாள்.

"இருடா கண்ணு, வாரேன்" என்று உள்ளே போனாள்.

வரும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வெளுத்த சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். ஈரத் தலைமுடி தோளை நனைத்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பேசுவதற்கு இவ்வளவு ஆவலாக இருக்கிறாளே என்று மேகலாவுக்கு மனம் நெகிழ்ந்தது.

"எதைப் பத்திப் பேசறது?"

"என்ன தோணுதோ அதைப் பேசுங்க."

"அன்னிக்கு நடந்தது உனக்குத் தெரியோணும்."

"அதைச் சொல்லோணும்னு இருக்குது உங்களுக்கு."

"இருக்காதா? இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கல. நீயும் கேக்கல. வருவே, சோறு திம்பே, போவே."

"ஒருத்தரும் கேக்கலைங்கறது பாரமா இருந்துருக்குது."

ருக்குமணியின் கண் நிறைந்தது. மேகலா நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். பாடம் வேலை செய்கிறது.

"அவரு மேல இருந்தாரு. நான் ஏணிய புடிச்சுட்டு நின்னேன். போன் அடிச்சுது. நின்னுது, மறுபடி அடிச்சுது. 'போய் எடு புள்ள, என்ன அவசரமோ'ன்னாரு. பலா மரத்துக்கு ஓடோணுமில்ல? ஏணிய விட்டுட்டேன்."

அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது பலா மரத்தடியில் மட்டும்தான். அதனால் போனை ஒரு உறையில் போட்டு அதன் கிளையில் தொங்கவிட்டிருப்பார்கள்.

 மேகலா குரலை மெதுவாக, கற்றுக்கொண்டபடி வைத்துக்கொண்டாள்.

"ஏணிய விட்டுட்டீங்க" என்றாள்.

ருக்குமணி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ வருமென்று காத்திருந்தது போல இருந்தது. வரவில்லை.

"ஆமாங்க" என்றாள்.

மேகலாவிடம் அவள் அதுவரை ஒரு 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

4

மறுநாள் வகுப்பில், பயிற்சி நன்றாக நடந்தது என்று மேகலா சொன்னாள். மாலையில் மலையேறி, அண்ணியைப் பார்த்துவிட்டு விடுதிக்குப் போகலாம் என்று அண்ணன் ஊரில் இறங்கினாள். பக்கத்துத் தோட்டத்து ராமாயி அத்தை சாலையோரத்தில் விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"வா சாமி. படிச்சுட்டு வாரியா? நல்லாத்தான் படிச்சே போ. உங்கண்ணி வெடியால பஸ்சுக்கே போயிட்டா."

"எங்கீங்க அத்தை?"

"எங்க போவா? அவங்கண்ணன் ஊட்டுக்கு, திருப்புலி நாட்டுக்கு. சாவிய எங்கிட்டக் குடுத்துட்டு, கோழிக்குத் தீனி போடச் சொன்னா. ஏன்டி, என்னடி ஆச்சுங்கறேன். 'மேகலா கேட்டுப் போட்டா. நானும் சொல்லிப் போட்டேன். அவ வாயிலயும் வந்துருச்சு. முடிஞ்சுது'ங்கறா. கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல."

மேகலா பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்கண்ணு, கேக்கறதுதான் கேட்டே, எங்களையெல்லாம் கூப்புட்டு வெச்சுட்டுக் கேக்கப்படாதா? தனியா நாற்காலி போட்டுக் கேட்டியாமா!"

"அத்தை, அது கேக்கறது இல்லீங்க. அது கவுன்சிலிங்குங்க."

"இங்கிலீசுல கேட்டாலும் கேட்டது கேட்டதுதானே?"

5

இங்கே நின்று ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கொல்லிமலைக்குப் போய் இதை விசாரிக்காதீர்கள். இந்தக் கதையின் ஊரில் மட்டும்தான் இது இருக்கிறது. நான் வைத்தது.

வழக்கம் இதுதான். ஒரு வீட்டில் கெட்டது நடந்து, அதில் யார் தவறு என்ற சந்தேகம் கிடந்தால், சம்பந்தப்பட்டவர் தலைக்குக் குளித்து வந்து, பாதிக்கப்பட்ட வீட்டு ஆளுக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார். எதிரே இருப்பவர் கேட்டுவிட்டு, எதைத் தன் வீட்டுச் சொல்லாக வைத்துக்கொள்கிறாரோ அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வார். சொன்னவர் "ஆமாங்க" என்பார். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். சந்தைப் பேருந்தில்கூட எடுக்க மாட்டார்கள். அதில் ஒரு கருணையும் உண்டு. ஆனால் சொல் யார்மேல் விழுந்ததோ அவர் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். திருப்பிச் சொன்ன அதே வாய் வந்து கூப்பிடும்வரை அங்கேதான் இருக்க வேண்டும்.

மேகலாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆண்கள் எல்லைக்கல் தகராறில் செய்கிற காரியமாகத் தெரியும். பத்து வயதிலிருந்து விடுதிகளில் வளர்ந்தவள் அவள். அண்ணியும் தானும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் சேர்ந்தால் அதுவாகிவிடும் என்று தோன்றவேயில்லை.

* இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் இது இரண்டு பழக்கங்கள் மோதிக்கொண்ட கதையாகியிருக்கும். படித்தவளின் அறியாமை, மலையின் வழக்கம், பாவம் ருக்குமணி. பத்திரிகைக்கு அனுப்பக்கூடிய அளவுக்குச் சுத்தமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

தயவுசெய்து மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், ருக்குமணி சொன்னதைப் பாருங்கள். அவள் சொன்னதில் என்னென்ன இருக்கின்றன? அவன் மேலே இருந்தான். அவள் பிடித்திருந்தாள். போன் அடித்தது. நின்று மறுபடி அடித்தது. போய் எடு என்று அவனே சொன்னான். அவள் ஓடினாள். ஏணியை விட்டாள்.

மேகலா திருப்பிச் சொன்னது கடைசித் துண்டை மட்டும்.

யார் போன் செய்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ருக்குமணியும் சொல்லவில்லை. மேகலாவும் கேட்கவில்லை. மேகலாவுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அன்று மதியம் விடுதி மாடியிலிருந்து, படிப்புக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் அண்ணனைக் கூப்பிட்டவள் அவள்தான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

6

மேகலாவை எனக்கு இந்த இடத்திலிருந்து பிடிக்காமல் போனது. பிறகு, பிடிக்காமல் போவது எழுதுகிறவளுக்கு எவ்வளவு சௌகரியம் என்பதும் புரிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அண்ணி சொல்லாத எதையும் சேர்க்கவில்லை. பாடம் சொன்னபடி, சொன்னதில் ஒரு பகுதியை எடுத்து மென்மையாகத் திருப்பிக் கொடுத்தாள். எந்தப் பகுதியை எடுப்பது என்பதைத்தான் அவளுடைய பயம் பார்த்துக்கொண்டது. ஒரு வருடமாக அந்தப் பயத்தோடு அவள் பேருந்தில் கோட்பாடு படித்தாள். எந்தக் கோட்பாடாவது, கூப்பிட்டவள்மேல் தவறில்லை என்று நேரடியாகச் சொல்கிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் தேடினாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் விடுதியில் என்ன செய்தாள் என்று எழுதிப் பார்த்தேன். பாடத்தில் உள்ள ஒவ்வொரு வழியையும் அவளுக்குக் கொடுத்துப் பார்த்தேன்.

உளப்பகுப்பாய்வு கேட்டது: அண்ணிமேல் உனக்குப் பழைய கோபம் எதுவுமில்லையா? இருந்தது. அண்ணி வந்த பிறகுதான் அவளை விடுதிக்கு அனுப்பினார்கள். அதை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் மேகலா புரிந்துகொள்ளப்பட்டாள். ருக்குமணி அதே இடத்தில்தான் இருந்தாள். கிழித்தேன்.

எண்ணங்களைச் சோதிக்கிற முறை சொன்னது: ஆதாரங்களை எடுத்து வை. போன் அடித்தால் மூங்கில் உருளுமா? பிடித்திருந்தாலும் அவன் விழுந்திருக்கலாம் அல்லவா? விழுந்திருக்கலாம். எல்லாம் சரி. ஆனால் இந்த நியாயத்தை மேகலா தனக்குச் சொல்லிக்கொள்கிறாள், அண்ணிக்குச் சொல்லவில்லை. இந்தப் பத்தியை அப்படியே விட்டுவைக்கிறேன், ஏனென்றால்

இல்லை, காரணம் எனக்குத் தெரியவில்லை.

காலி நாற்காலி முறையை வியாழக்கிழமை அவளே செய்தாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியைத் தனக்கு எதிரே போட்டு, அதில் அண்ணனை உட்காரவைத்தாள். அவனிடம் பேச வேண்டும், பிறகு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து அவனாகப் பதில் சொல்ல வேண்டும்.

"அண்ணா, அன்னிக்கு போன் பண்ணினது நான்தான்."

எழுந்துபோய் எதிரே உட்கார்ந்தாள். அண்ணனாக வாயைத் திறந்தாள். அவன் எங்கே உட்கார்ந்தாலும் அவளைப் பார்த்து முதலில் கேட்பது ஒன்றுதான்.

"சாப்புட்டியா?"

அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை. சமையற்காரம்மா பாத்திரத்தோடு உள்ளே வந்து, தனியாக அழுதுகொண்டிருந்த வார்டனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் டீயை மேசையில் வைத்துவிட்டு, "சக்கரை கம்மிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மேகலா வகுப்பு முடிந்தும் போகாமல் கதவோரம் நின்று சுமதியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். திருப்பிச் சொன்னதை மறுபடி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா?

சுமதி அடுத்த வாரம் என்றாள்.

ஏன் அடுத்த வாரம் என்றாய் என்று சுமதியிடம் கேட்டேன். "எனக்குத் தெரியல, அதனால்தான்" என்றாள். "சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. விட்டதைச் சேர்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். இது எனக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் தோணுச்சு. சொல்றதுக்குத்தான் போன் பண்ணினேன்."

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: மேகலா திருப்புலி நாட்டுக்குப் போய் அண்ணியின் காலில் விழுகிறாள், அண்ணி தூக்குகிறாள், இருவரும் அழுகிறார்கள். காலில் விழுவதற்கு மேகலா சம்மதித்தாள். தூக்குவதற்கு ருக்குமணி சம்மதிக்கவில்லை. "எந்திரிச்சுப் பேசு" என்றாள். அவள் என் பேச்சைக் கேட்கிறவளாக இல்லை.

இரண்டு: மேகலா போகவேயில்லை. படிப்பை முடிக்கிறாள். விடுதிப் பெண்களுக்கு நல்ல ஆலோசகராகிறாள். நாற்காலிகளை எதிரெதிராக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறாள். இதுதான் நடந்திருக்கும் என்று சில நாள் நம்பினேன். இதை எழுதும்போது எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்குத்தான் வரும் என்று பிரேம் சொன்னது சரிதான்.

மூன்றாவதை முடிக்கவில்லை. அதுதான் கீழே இருப்பது.

அடுத்த ஞாயிறு மேகலா கீழே இறங்குகிற பேருந்தில் ஏறவில்லை. திருப்புலி நாட்டுக்குப் போகிற பேருந்தில் ஏறினாள். இறங்கி மேட்டில் நடந்தாள். ருக்குமணியின் அண்ணன் செங்கோடனின் தோட்டத்தில் மிளகுப் பறிப்பு தொடங்கியிருந்தது. ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் செங்கோடன் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே, கொடிக்குள், ஒரு சேலைத் தலைப்பும் இரண்டு பாதங்களும் தெரிந்தன. பெண்கள் ஏறுவதில்லை. ருக்குமணி ஏறியிருந்தாள்.

செங்கோடன் மேகலாவைப் பார்த்தார். "வாங்க" என்றார்.  வீட்டுக்கு வந்தவளைத் தண்ணீர் குடிக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை.

"ஆருங்கண்ணா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"உன்ற நாத்தனாரு."

இலைகளின் சலசலப்பு நின்றது. ஒரு மிளகுக் கொத்து கீழே விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

"கலெக்டரு வந்துருக்கறாங்களா?" என்றாள் ருக்குமணி. கேலியா, கோபமா என்று தெரியாத குரல். "நாற்காலி ஏதும் கொண்டாந்துருக்கறாங்களா, பாருங்கண்ணா."

"அண்ணி" என்றாள் மேகலா. 

"அண்ணா, நீங்க போய்த் தண்ணி கொண்டாங்க. வெய்யல்ல நடந்து வந்துருப்பா."

"ஏணிய ஆரு புடிக்கறது?"

"அவ புடிப்பா."

செங்கோடன் தங்கையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மேகலாவைப் பார்த்தார். அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து, அவர் கைகளுக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் மூங்கிலில் வைத்து அழுத்தினாள். அவர் மெதுவாக, ஒவ்வொரு கையாக எடுத்தார். வீட்டுப் பக்கம் நடந்தார். போகும்போது மூன்று தரம் திரும்பிப் பார்த்தார்.

மூங்கில் மேகலாவின் உள்ளங்கையில் துடித்தது. மேலே ஒரு கால் நகர்ந்தால் கீழே அது தெரிகிறது. எடை மாறினால் தெரிகிறது. ஒருவருடைய பாரம் இப்படித்தான் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இருக்கவில்லை. அவள் நெற்றியை மூங்கிலில் சாய்த்துக்கொண்டாள்.

"அண்ணி."

"ம்."

"அன்னிக்கு நீங்க சொன்னதுல—"

அப்போது தரையில் கிடந்த கைப்பைக்குள் போன் அடித்தது.

[அந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு வேறு வழியில்லை. கூப்பிடுவது சுமதி. வகுப்பில் ஏன் இல்லை என்று கேட்கவும், பாத்திரம் கழுவும்போது தோன்றிய பதிலைச் சொல்லவும்.]

மேலே மறுபடி எல்லாம் நின்றது. கொடியின் ஓர் இலைகூட அசையவில்லை. போன் அடித்து நின்றது. மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"போன் அடிக்குது கண்ணு" என்றாள் ருக்குமணி.

அவள் சொன்னது அவ்வளவுதான். குரலில் கண்ணீரோ குற்றமோ இல்லை. வாயாடி ருக்குமணி தன் வாழ்நாளிலேயே மிகச் சிறிய ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அது திரும்பி வருகிறதா என்று மேலே காத்திருக்கிறாள். அன்றைக்கு நாற்காலியில் காத்திருந்தது போலவே.

மேகலா திருப்பிச் சொல்ல வேண்டியது, அன்றைக்கு அவள் விட்டுவிட்ட ஒரே ஒரு வரி. பிறகு, அன்று அடித்தது யாருடைய போன் என்று இன்னொரு வரி. சொன்னால் அண்ணி இறங்கிவந்து பழைய வீட்டுக்குப் போகலாம், கோழிகளுக்குத் தீனி போடலாம். சொன்ன பிறகு மேகலாமேல் என்ன விழும், அவள் யார் வீட்டுக்குப் போவாள், யார் வந்து அவளைக் கூப்பிடுவார்கள் என்பதற்கு நான் வழக்கம் எதுவும் வைக்கவில்லை. வைத்திருக்கலாம். வழக்கங்களை உண்டாக்குகிறவள் நான்தானே. ஆனால் நான் உண்டாக்கித் தருகிற மன்னிப்பை ருக்குமணி வாங்கமாட்டாள். அவளை எனக்கு இப்போது அந்த அளவுக்குத் தெரியும்.

அந்த வரிகளை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நானும் திருப்பிச் சொல்கிறவளாவேன். எதையாவது எடுத்துக்கொண்டு எதையாவது விட்டுவிடுவேன். இதுவரை எவ்வளவு விட்டிருக்கிறேனோ.

நீங்கள் முழுதாகக் கேட்டிருக்கிறீர்கள். சொல்வதானால் நீங்கள் சொல்லுங்கள். செங்கோடன் தண்ணீர்ச் செம்போடு திரும்பி வந்துகொண்டிருக்கிறார், கேட்பதற்கு ஆள் உண்டு. ருக்குமணி மேலே நிற்கிறாள். மேகலாவின் இரண்டு கைகளும் மூங்கிலில்தான் இருக்கின்றன.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.